வாடகை ஸ்னோபோர்டும் மலிவு வாரப் பனியும்

பனிமலை விடுதிகளுக்குக் குறைந்த செலவில் போய்வர வேண்டுமென்றால் வழி இரண்டுதான். கூட்டம் குறைந்த வாரங்களில் போக வேண்டும். ஸ்னோபோர்டு, அதாவது இரண்டு காலையும் பிணைத்துக்கொண்டு பனிச்சரிவில் வழுக்கி ஓடும் ஒற்றைப் பலகை, அதற்கான பூட்ஸ் எல்லாவற்றையும் வாடகைக்கு எடுக்க வேண்டும். கூட்டம் குறைந்த வாரங்கள் பெரும்பாலும் பருவத்தின் தொடக்கத்திலோ கடைசியிலோ வரும். தொடக்கத்தில் சரிவில் கிடப்பதில் பெரும்பங்கு இயந்திரம் செய்த பனி. கடைசியில் கிடப்பது இரவில் உறைந்து பகலில் இளகும் பனி. இரண்டுமே பஞ்சு போன்ற புதுப்பனியைவிடக் கெட்டியானவை. வாடகைப் பலகையும் பலர் காலில் போய்வந்து விளிம்பு மழுங்கிப்போயிருக்கலாம். புதுப்பனியும் கூரான விளிம்பும் கற்றுக்கொள்பவரின் பாதித் தவறுகளை மறைத்துவிடும். கெட்டிப் பனியில் ஒன்றும் மறையாது. ஆகவே, பலகை ஏன் வழுக்குகிறது, எப்படித் திரும்புகிறது என்ற அறிவு அதிகம் தேவைப்படுவது மலிவுப் பயணம் போகிறவருக்குத்தான்.

1965இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஷெர்மன் பாப்பன் என்பவர் இரண்டு ஸ்கீ கட்டைகளைச் சேர்த்துப் பிணைத்து மகள்களுக்கு விளையாடக் கொடுத்தார். 'ஸ்னர்ஃபர்' என்று பெயர் பெற்ற அந்தப் பலகைதான் இன்றைய ஸ்னோபோர்டின் முன்னோடி. அதில் எஃகு விளிம்பு இல்லை, காலைப் பிணைக்கும் பட்டையும் இல்லை. மெத்தென்ற பனியில் ஓடியது. கெட்டிப் பனியில் பிடிக்க அதனிடம் ஒன்றுமில்லை. இன்றைய பலகை, சுருக்கமாகச் சொன்னால், கெட்டிப் பனியில் பிடிப்பதற்காகப் படிப்படியாகத் திருத்தப்பட்ட ஸ்னர்ஃபர்.

வழுக்குவது எதனால்

உடல் எடையின் அழுத்தத்தால் பனி உருகி நீராகிறது, அந்த நீரில் பலகை வழுக்குகிறது என்பது பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். கணக்குப் போட்டால் அது நிற்காது. 70 கிலோ எடையுள்ளவர் நிற்கும் பலகை சுமார் 3000 சதுர செ.மீ. பரப்பில் பனியைத் தொடுகிறது. ஒரு சதுர செ.மீ.க்கு 23 கிராம்தான் வருகிறது. பனிக்கட்டியின் உருகுநிலையை ஒரே ஒரு டிகிரி இறக்குவதற்கே வளிமண்டல அழுத்தத்தைப்போல 130 மடங்குக்கு மேல் வேண்டும். அதாவது சதுர செ.மீ.க்கு 130 கிலோவுக்கு மேல். பலகை உண்மையில் பனித்துகள்களின் முனைகளை மட்டுமே தொடுகிறது, அங்கே அழுத்தம் கூடுதல் என்பது சரிதான். ஆனாலும் நல்ல குளிர் நாளில் வழுக்குவதற்கு அது மட்டும் காரணமாக முடியாது.

வேலை செய்வது வேறு இரண்டு. பனிக்கட்டியின் மேற்பரப்பு மூலக்கூறுகளுக்கு மேலே பற்றிக்கொள்ள ஆளில்லை. அதனால் உருகுநிலைக்குக் கீழேயும் அவை தளர்வாகவே இருக்கின்றன. மைக்கேல் ஃபாரடே 1850இலேயே இப்படி ஒரு நீர்த்தன்மையுள்ள மேல்படலம் இருப்பதாகச் சொன்னார். இரண்டாவது, உராய்வு வெப்பம். பௌடனும் ஹியூஸும் 1939இல் வெளியிட்ட ஆய்வில், ஓடும் கட்டைக்கு அடியில் உராய்வின் சூடே பனியை மெல்ல உருக்குகிறது என்று காட்டினார்கள். ஓட்டமே தனக்கு வேண்டிய எண்ணெயைத் தயாரித்துக்கொள்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்தப் படலம் அளவோடு இருக்க வேண்டும். கடுங்குளிரில் படலம் போதாமல், பனித்துகள்களின் கூர்முனைகள் பலகையின் அடியைச் சுரண்டும். மணலில் ஓட்டுவதுபோல இருக்கும். வெயில் ஏறிய பிற்பகலில் நேர்மாறு. நீர் மிகுந்து, ஈரக் கண்ணாடித் தகடுகள் இரண்டு ஒட்டிக்கொள்வதுபோல, பனி பலகையை உறிஞ்சிப் பிடிக்கும். பலகையின் அடியில் மெல்லிய வரிகள் கீறியிருப்பது இந்த நீரை உடைத்துப் பிரித்துவிடத்தான்.

சமமான தடத்தில் இதன் விளைவு நேராகத் தெரியும். பனியை அழுத்தும் விசையில் எத்தனை பங்கு உராய்வாகிறது என்று சொல்லும் உராய்வுக் கெழு 0.05 என்றால், சுமார் 3 டிகிரி சரிவு இருந்தாலே பலகை ஓடிக்கொண்டிருக்கும். சொதசொதத்த பனியில் அது 0.1 ஆகிவிட்டால் கிட்டத்தட்ட 6 டிகிரி வேண்டும். காலையில் தடையில்லாமல் கடந்த தடத்திலேயே மாலையில் ஒரு காலைப் பலகையிலிருந்து கழற்றி உந்திக்கொண்டு போக நேர்வது இதனால்தான். ஸ்கீ ஓட்டுபவருக்குக் கையில் கோல் உண்டு. ஸ்னோபோர்டுக்காரர் தடம் சமமாவதை முன்கூட்டியே பார்த்து வேகத்தைச் சேர்த்துவைக்க வேண்டும்.

மெழுகு பூசுவது நீரை விலக்கவும் அடிப்பரப்பைக் காக்கவும். அடிப்பரப்பு உயர் மூலக்கூறு எடையுள்ள பாலிஎத்திலீன். துகள்களைச் சூட்டில் அழுத்திச் செய்த வகையில் நுண்துளைகள் உண்டு, மெழுகை நன்றாக உள்வாங்கும். உருக்கிப் பிதுக்கிச் செய்த வகை மெழுகைக் குறைவாகவே ஏற்கும். ஆனால் விலை குறைவு, கீறினால் சரிசெய்வதும் சுலபம். வாடகைப் பலகைகளில் இந்த இரண்டாம் வகை அதிகம். கடையில் பலகையைத் திருப்பிப் பாருங்கள். விளிம்பை ஒட்டி வெளுத்து, சாம்பல் பூத்ததுபோல இருந்தால் மெழுகு வறண்டுவிட்டது. பூசித் தரச் சொல்லிக் கேளுங்கள். மெழுகை இஸ்திரிப்பெட்டியால் உருக்கித் தேய்த்து, ஆறவிட்டு, பிளாஸ்டிக் தகட்டால் முழுக்கச் சுரண்டி எடுக்க வேண்டும். மேலே தடிப்பாக விட்ட மெழுகு ஓட்டத்தைக் குறைக்கும். வேலை செய்வது உள்ளே ஊறியதுதான்.

திரும்புவது எதனால்

பலகையை மேலிருந்து பார்த்தால் இடுப்புக் குறுகியிருக்கும். இருபக்கமும் உள்ளே வளைந்த அந்தக் கோடு ஒரு பெரிய வட்டத்தின் துண்டு. சாதாரணப் பலகையில் அந்த வட்டத்தின் ஆரம் பெரும்பாலும் 6 முதல் 9 மீட்டர். பலகையை ஒருக்களித்து எடையைப் போட்டால் இடுப்பும் பனியைத் தொடும்வரை பலகை வில்லாக வளைகிறது; எஃகு விளிம்பு பனியில் ஒரு வளைவான கீறலை வெட்டி அதற்குள்ளேயே ஓடுகிறது. எவ்வளவு சாய்க்கிறோமோ அவ்வளவு வளைவு இறுகும். 8 மீட்டர் ஆரமுள்ள பலகையை 45 டிகிரி சாய்த்தால் கெட்டிப் பனியில் வளைவின் ஆரம் 5.7 மீட்டர், 60 டிகிரியில் 4 மீட்டர்.

இப்படி வெட்டிக்கொண்டு ஓடும் வேகத்துக்கு ஓர் உச்சவரம்பும் உண்டு. சரிவைக் கணக்கில் எடுக்காமல், உடலின் சாய்வும் பலகையின் சாய்வும் ஒன்றே என்று கொண்டால், 8 மீட்டர் பலகை 30 டிகிரி சாய்வில் சுமார் 22 கி.மீ. வேகத்திலும், 45 டிகிரியில் 27 கி.மீ. வேகத்திலும் சமநிலையில் நிற்கும். எவ்வளவு சாய்த்தாலும் மணிக்கு 32 கி.மீ.யைத் தாண்ட முடியாது. அதற்கு மேல் சென்றால் பலகை வெட்டிக்கொண்டு ஓடாது, பக்கவாட்டில் சறுக்கும். கற்றுக்கொள்பவருக்கு இது ஆறுதலான செய்தி: சறுக்கித் திரும்புவது குறை அல்ல, எல்லோரும் அதைத்தான் பெரும்பாலும் செய்கிறார்கள்.

ஒரு திருப்பத்தை மெதுவாக ஓட்டிப் பார்ப்போம். சரிவின் குறுக்கே, குதிகால் பக்க விளிம்பில், பள்ளத்தைப் பார்த்தபடி போய்க்கொண்டிருக்கிறீர்கள். கால்விரல் பக்க விளிம்புக்கு மாற வேண்டும். முதலில் முன்முழங்காலைத் தளர்த்தி எடையை முன்காலுக்குக் கொண்டுவருகிறீர்கள். முன்குதிகாலின் அழுத்தம் விலகியதும் பலகையின் முன்பாதி மட்டும் தட்டையாகிறது. பின்பாதி இன்னும் விளிம்பில் இருக்கிறது. அந்த ஒரு கணம் பலகை ஈரத்துணியைப் பிழிவதுபோல முறுகி நிற்கிறது. முன்நுனிக்குப் பிடிப்பு இல்லை, வாலுக்கு உண்டு; ஆகவே நுனி தானாகப் பள்ளத்தை நோக்கித் திரும்புகிறது. இப்போது முன்காலின் கணுவை மடக்கி, கெண்டைக்கால் முன்னெலும்பை பூட்ஸின் நாக்கின்மீது சாய்த்து, விரல்களை அழுத்த வேண்டும். பின்கால் பிறகுதான் வரும்.

கெட்டுப்போவது நுனி பள்ளத்தை நோக்கும் அந்த இடத்தில்தான். பயத்தில் உடல் பின்னால் சாய்கிறது. எடை வாலுக்குப் போனதும் நுனி இலேசாகிவிடுகிறது, திருப்பத்தைத் தொடங்க வேண்டிய விளிம்பு பனியைத் தொடவே இல்லை, பலகை நேராகக் கீழே பாய்கிறது. அஞ்சிய வேகம், அஞ்சியதாலேயே வருகிறது. அந்த நேரத்தில் முன்காலின் மேல் நிற்பது ஒன்றுதான் மருந்து.

இன்னொரு விபத்து இதைவிட வலிக்கும்: எதிர்விளிம்பு குத்துவது. பலகை பக்கவாட்டில் சறுக்கும்போது பள்ளத்தைப் பார்த்த விளிம்பு எப்போதும் தூக்கியிருக்க வேண்டும். அது பனியில் பட்டால் பலகை அங்கேயே நின்றுவிடும். மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் வந்த உடல் நிற்காது. கால் கீலாகி, உடல் பலகைமேல் கதவு அறைவதுபோலச் சாயும். இதைக் குறைக்க, எஃகு விளிம்பின் அடியை வழக்கமாக 1 டிகிரி சாய்த்துத் தீட்டுவார்கள். 2 மி.மீ. அகல விளிம்பில் அது 0.035 மி.மீ. உயரம்தான், தலைமுடியின் பாதித் தடிமன். அந்த அளவே விழுவதற்கும் விழாததற்கும் இடையில் நிற்கிறது. விழும்போது கையை ஊன்றுவது அனிச்சைச் செயல். ஸ்னோபோர்டில் அதிகம் அடிபடுவது மணிக்கட்டு. மணிக்கட்டுக் காப்பும் ஹெல்மெட்டும் செலவைக் குறைக்கும் பட்டியலில் வரக் கூடாதவை.

கடையில் பார்க்க வேண்டியவை

விரல் நகத்தின் முதுகை விளிம்பின் குறுக்கே மெதுவாக இழுத்துப் பாருங்கள். வெள்ளையாக ஒரு பொடி சுரண்டி வந்தால் விளிம்பு கூர். நகம் சும்மா வழுக்கினால் மழுங்கல், கெட்டிப் பனியில் பிடிக்காது. துரு இருந்தாலும், விளிம்பு ஓரிடத்தில் பெயர்ந்திருந்தாலும் வேறு பலகை கேளுங்கள். பலகையைத் தட்டையான தரையில் வைத்துப் பாருங்கள். நடு உயர்ந்து இரு முனைப்பக்கம் தரையில் பட்டால் கெட்டிப் பனியில் பிடிப்பு அதிகம். நடு தரையில் பட்டு முனைகள் தூக்கியிருந்தால் எதிர்விளிம்பு குத்துவது குறையும், பிடிப்பும் குறையும். முதல் இரண்டு நாள்களுக்கு இந்த இரண்டாவதே நல்லது.

நீளத்தைத் தாடைக்கும் மூக்குக்கும் இடையில் என்று சொல்வார்கள். எடைதான் சரியான அளவுகோல், ஏனென்றால் பலகையை வளைப்பது உயரம் அல்ல. பூட்ஸ் இருபக்கமும் 1 முதல் 2 செ.மீ.க்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. பலகையைச் சாய்க்கும்போது விரல்முனை பனியில் இடறி விளிம்பைத் தூக்கிவிடும். பூட்ஸில் முழங்காலை மடக்கும்போது குதிகால் எழும்பினால் அளவு பெரிது. பலர் போட்டு உள்மெத்தை அமுங்கிய பூட்ஸில் இது சகஜம். அரை அளவு குறைத்துப் போடுங்கள், மெல்லிய காலுறை ஒன்று போதும். பூட்ஸைப் பிடித்துக்கொள்ளும் பைண்டிங்கைப் பலகையோடு பிணைக்கும் திருகுகள் அதிர்வில் தளரும். முதல் இறக்கம் முடிந்ததும் ஒருமுறை இறுக்கிக்கொள்ளுங்கள்.

எந்த நேரத்தில் ஏறுவது

மலைமேல் ஏற்றிவிடும் லிஃப்டுக்கு அரைநாள் சீட்டு வாங்குகிறவர் எந்த அரைநாள் என்று தீர்மானிப்பதில்தான் அறிவியல் கைகொடுக்கிறது. பருவக் கடைசியில் முந்தைய இரவின் வானத்தைப் பாருங்கள். பனி அகச்சிவப்புக் கதிராக வெப்பத்தை வெளியேற்றுவதில் மிகத் திறமையானது. வானம் தெளிந்த இரவில், காற்று உறைநிலைக்குச் சற்று மேலே இருந்தால்கூட, பனியின் மேல்தோல் உறைந்துவிடும். மறுநாள் விடியலில் சரிவு கண்ணாடி; மழுங்கிய விளிம்போடு அப்போது ஏறுவது அடி வாங்கத்தான். வெயில் முதலில் படும் கிழக்குச் சரிவு இளகியதும் தொடங்குங்கள், பிறகு வெயிலோடு நகர்ந்து மேற்குச் சரிவுக்குப் போங்கள். மேல்தோல் ஓரிரு செ.மீ. மட்டும் சோளக் குருணைபோல இளகிய அந்த நேரம், கற்றுக்கொள்ள அருமையான பனி. இரவு முழுக்க மேகம் மூடியிருந்தால் பனி உறைந்திருக்காது. விடிந்ததுமே ஏறிவிட வேண்டும், நேரம் போகப்போகச் சகதிதான்.

பருவத் தொடக்கத்துப் பனிக்குக் கணக்கு வேறு. பனிப்பீரங்கி நீரைத் திவலைகளாக்கி, அழுத்தக் காற்றோடு வீசுகிறது. திவலை தரைக்கு வருவதற்குள் கொஞ்சம் ஆவியாகிக் குளிர்ந்து உறைய வேண்டும். அதனால் கணக்கில் வருவது ஈரக்குமிழ் வெப்பநிலை, அதாவது ஈரத்துணி சுற்றிய வெப்பமானி, நீர் ஆவியாவதால் வரும் குளிர்ச்சியையும் சேர்த்துக் காட்டும் அளவு. அது சுமார் மைனஸ் 2 டிகிரிக்குக் கீழே போக வேண்டும். காற்று மிக உலர்ந்திருந்தால் வெப்பமானி 1 டிகிரி காட்டும்போதும் பனி செய்ய முடியும். வானத்துப் பனிபோல ஆறு கிளை விரிய நேரமில்லாமல், இது வெளியிலிருந்து உள்ளே உறைந்த உருண்டைக் குருணை. ஒரு கன மீட்டரில் 400 கிலோவுக்கு மேல் இருக்கும். புதுப்பனி பல நேரம் 100 கிலோகூட வராது. கூட்டம் மேல்குருணையைச் சுரண்டித் தள்ளியபின் அடியில் பளபளப்பது பனிக்கட்டி. ஆகவே இந்த வாரங்களில் காலை அரைநாள்தான் சரி: இரவில் இயந்திரம் சரிவை உழுது சமன்செய்த வரிகள் அப்போதுதான் அழியாமல் இருக்கும்.

உயரம் ஒவ்வொரு 1000 மீட்டருக்கும் புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடுகிறது. புதுப்பனி அதில் 80 சதவீதம்வரை திருப்பி அடிக்கும். மேகமூட்ட நாளிலும் கண்ணாடி போடுங்கள், தாடையின் அடிப்பக்கத்திலும் களிம்பு பூசுங்கள்.

மாலையில் அறைக்கு வந்ததும் விளிம்பை உலர்ந்த துணியால் துடைத்துவிடுங்கள். ஈரத்தோடு விட்டால் ஒரே இரவில் துரு பூக்கும். பூட்ஸின் உள்மெத்தையை வெளியே எடுத்து நிமிர்த்தி வையுங்கள், ஹீட்டரின்மேல் போடாதீர்கள். சூட்டில் நுரை உருமாறி, மறுநாள் காலை கால் நுழையாது.