கிராபிக்ஸ் கார்டும் வாளையார் செக்போஸ்டும்

கேரள எல்லைக்குள்ள இருக்கற கொழிஞ்சாம்பாறைல உக்காந்து கல்யாண வீடியோ எடிட் பண்றவனுக்கு ரெண்டு காலண்டர் வேணும், ஒண்ணு தமிழ், ஒண்ணு மலையாளம். நமக்கு ஆடின்னா அவங்களுக்கு கர்க்கடகம், ரெண்டு பக்கமும் முகூர்த்தம் கெடையாது, சிஸ்டத்த கழட்டிப் போட்டு நோண்டறதுக்கு எனக்கு அந்த ஒரு மாசந்தான். போன ஆடில கிராபிக்ஸ் கார்டு மாத்தினேன். அதுக்கு முன்னாடி தேவையில்லாத ஒண்ண வாங்க இருந்தேன், நூலிழைல தப்பிச்சேன்.

கூட கேமரா புடிக்கற சேட்டன் புது கேமரா வாங்கிட்டாரு. அதுல எடுத்த 4கே கிளிப்ப டைம்லைன்ல போட்டா திக்கித் திக்கி ஓடுது. அப்ப எங்கிட்ட இருந்தது ஜிடிஎக்ஸ் 1050 டிஐ, 4 ஜிபி. "கார்டு பழசுங்ணா, இருக்கறதுலயே பெருசா போட்டுடுங்க"ன்னு கடைப்பையன் சொல்றான். ஆனா டாஸ்க் மேனேஜர தொறந்து பாத்தா சிபியு முட்டிக்கிட்டு நிக்குது, ஜிபியு, அதாவது கிராபிக்ஸ் கார்டோட சிப்பு, அது பாட்டுக்கு சும்மா கெடக்குது. சும்மா கெடக்கற ஆள மாத்தி என்ன புண்ணியம்?

ஜிபியு பக்கத்துல 3டி, காப்பி, வீடியோ டீகோட், வீடியோ என்கோடுன்னு தனித்தனிக் கட்டமா காட்டும், கவனிச்சிருக்கீங்களா? ஏன்னா கார்டுங்கறது ஒரு ஆள் இல்ல. உள்ள வேற வேற வேலைக்கு வேற வேற ஆளுங்க இருக்காங்க.

மொதல்ல கோர். 1050 டிஐல 768, நான் கடைசில வாங்கின ஆர்டிஎக்ஸ் 3060ல 3584. சிபியு ஒரு கெட்டிக்கார மேஸ்திரின்னா இவங்க வரிசையா நின்னு நாத்து நடறவங்க, எல்லாருக்கும் ஒரே வேலை, ஆளுக்கு ஒரு இடம். ஒரு 4கே ஃப்ரேம்ல 82,94,400 பிக்சல். கலர் கரெக்ஷன் பண்ணறப்ப இந்த பிக்சலோட கணக்குக்கு பக்கத்து பிக்சலோட விடை தேவைப்படாது, அதனால ஆயிரக்கணக்குல ஒரே சமயத்துல போட்டுத் தள்ளிடலாம். ப்ளெண்டர்ங்கற 3டி சாஃப்ட்வேர்ல ரெண்டர் பண்றதும், அதாவது படமா வரைஞ்சு எடுக்கறதும், இதே கதைதான், ஒவ்வொரு ஒளிக்கதிரும் தனித்தனிக் கணக்கு.

ஆனா கேமரா ஃபைல பிரிக்கறது அப்படி இல்லீங்க. கேமரா எல்லா ஃப்ரேமையும் முழுசா எழுதறதில்ல, ஒண்ண முழுசா எழுதிட்டு அடுத்தடுத்த ஃப்ரேமுக்கு என்ன மாறுச்சுன்னு மட்டும் எழுதி வைக்கும். அதனால நடுவுல ஒரு ஃப்ரேம் வேணும்னா முன்னாடி இருக்கற முழு ஃப்ரேமுல இருந்து வரிசையா கட்டிக்கிட்டே வரணும். வரிசையா பண்ற வேலைக்கு 3584 பேர் வந்து நின்னாலும் வேடிக்கைதான் பாக்கணும். அதுக்குன்னு கார்டுல தனியா ஒரு சர்க்யூட் இருக்கு, அதுதான் என்விடெக். அதுக்கு சிலிக்கான்ல செதுக்கி வெச்ச ஃபார்மேட் மட்டுந்தான் தெரியும், புதுசா சொல்லிக் குடுக்க முடியாது.

சேட்டனோட கேமரா எழுதறது 10 பிட் 4:2:2, அதாவது கலர கூடுதல் விவரத்தோட எழுதற ஃபார்மேட். 2025ல 50 சீரிஸ் வர்ற வரைக்கும் என்விடியாவோட ஜிஃபோர்ஸ் கார்டு எதுக்கும் இதப் பிரிக்கத் தெரியாது. லட்ச ரூபாய்க்கு மேல போற 4090க்கும் தெரியாது! ஆனா 11வது தலைமுறைல இருந்து இன்டெல் சிப்புக்குள்ளயே இருக்கற சின்ன கிராபிக்ஸ், ஹெச்இவிசிங்கற முறைல சுருக்கி எழுதின 4:2:2வ அலட்டிக்காம பிரிச்சிடும். நம்மளுது 10வது தலைமுறை, அதுலயும் காசு மிச்சம்னு கிராபிக்ஸே இல்லாத எஃப் மாடல். சரி, ப்ராக்ஸி போட்டுக்கிட்டேன், அதாவது எடிட்டுக்கு மட்டும் ஒரு சின்ன காப்பி, அஞ்சு பைசா செலவில்ல.

அப்பறம் எதுக்கு கார்டு? ப்ளெண்டருக்கு. டைட்டில்ல மரமும் மண்டபமும் வெச்சு ஒரு அனிமேஷன் பண்ணினா 4 ஜிபி ரொம்பி வழியுது. ஒரே ஒரு 4கே ஃப்ரேம 32 பிட் ஃப்ளோட்ல, அதாவது தசமப் புள்ளியோட துல்லியமா வெச்சாலே 133 எம்பி, அதுக்கு மேல டெக்ஸ்சர்னு மேல ஒட்டற படங்க, மரத்தோட இலை எல்லாம் இருக்கு. வழிஞ்சா சாமானக் கொண்டுபோய் சிஸ்டம் ரேம்ல வைக்கும், இல்லைன்னா மெமரி இல்லைன்னு கைய விரிச்சிடும்.

ரேம்ல வெச்சா என்ன ஆகும்னா, 2017 ஜூலைல ஜிஎஸ்டி வர்றதுக்கு முன்னாடி தமிழ்நாடு-கேரளா எல்லைல வாளையார் செக்போஸ்ட்ல லாரி நின்ன கதைதான். 3060க்குள்ள மெமரி ரோடு செகண்டுக்கு 360 ஜிபி போகும். ரேம்ல இருந்து கார்டுக்கு வர்ற பிசிஐஇ 3.0 ரோட்டுல 16 லேனும் சேந்தே 16 ஜிபி கிட்டத்தான். அந்தப் பக்கம் ரோடு எவ்வளவு அகலமா இருந்து என்ன, லாரி வாளையார்ல நிக்குதே.

இதனாலதான் புது 4060 8 ஜிபிய விட்டுட்டு பழைய 3060 12 ஜிபிய எடுத்தேன். 4060க்கு 8 லேன்தான், என்னோட பழைய போர்டுல போட்டா செக்போஸ்ட்ல பாதி கவுண்டர மூடின மாதிரி. கேம் ஆடறவங்களுக்கு 4060 நல்ல கார்டுதான், அது வேற விஷயம்.

கரண்ட் கணக்க மறந்துடாதீங்க. போர்டு ஸ்லாட் 75 வாட்டுக்கு மேல தராது, 1050 டிஐக்கு அதுவே போதும். 3060 கேக்கறது 170, மிச்சத்த எஸ்எம்பிஎஸ்ல, அதாவது சிஸ்டத்துக்கு கரண்ட் குடுக்கற பெட்டில இருந்து வர்ற 8 பின் வயர் தரணும், 550 வாட் எஸ்எம்பிஎஸ் போடச் சொல்றாங்க. பழைய எஸ்எம்பிஎஸ்லயே ஹார்டு டிஸ்க் வயர ஒட்டுப் போட்டு ஓட்டலாம்னு யாராவது சொன்னா கேக்காதீங்க, வயரு உருகும். அப்பறம் நம்ம ஊரு காத்து இருக்கே, மார்கழி தைல பாலக்காட்டுக் கணவாய் வழியா அடிக்கறது, அது கொண்டுவர்ற தூசி பூரா ஃபேனுக்குள்ளதான் போய் குடியிருக்கும். சூடு ஏறினா கார்டு தானா வேகத்தக் கொறச்சிக்கும். நான் மாசத்துக்கு ஒரு தடவ ப்ளோயர் அடிக்கறேன்.

ஆவணி மொத முகூர்த்தம் முடிஞ்சு சேட்டன் வந்து பக்கத்துல உக்காந்தாரு. டைட்டில் அனிமேஷன் சும்மா பறக்குது. அடுத்து அவரு எடுத்த தாலிகட்டு ஷாட்டு வந்துச்சு.

"எந்தா இது, புது கார்டு போட்டும் மங்கலா இருக்கு?"

ப்ராக்ஸி சேட்டா, ஃபைனல் அவுட்ல சரியா வரும்னேன். அவரு நம்பல.