காத்திருக்கும் ப்ராசஸர்: குறைந்த செலவில் கணினி சேர்ப்பவர்கள் போட வேண்டிய கணக்கு

குறைந்த செலவில் டெஸ்க்டாப் அசெம்பிள் செய்ய நினைப்பவர்கள் பெரும்பாலும் ப்ராசஸரிலிருந்துதான் தொடங்குகிறார்கள். கையில் இருக்கும் பணத்துக்கு எத்தனை கோர், எத்தனை கிகாஹெர்ட்ஸ் கிடைக்கும் என்று பார்த்து ஒன்றை முடிவு செய்துவிடுகிறார்கள். மிச்சப் பணத்தில் ஒரு மதர்போர்டு, அதற்கும் போக மிஞ்சியதில் ஒரே ஒரு ரேம் ஸ்டிக். இப்படிச் சேர்த்த கணினியில் அந்த நல்ல ப்ராசஸர் தன் நேரத்தில் கணிசமான பகுதியைக் கணக்குப் போடாமல் காத்திருந்தே கழிக்கும். எதற்காகக் காத்திருக்கிறது என்பது புரிந்துவிட்டால், மூன்று பாகங்களையும் தேர்ந்தெடுக்கும் வேலை பாதி முடிந்த மாதிரி.

4 கிகாஹெர்ட்ஸ் ப்ராசஸர் என்றால் அதன் கடிகாரம் நொடிக்கு 400 கோடி முறை துடிக்கிறது. ஒரு துடிப்புக்குக் கால் நானோநொடி. அந்த நேரத்தில் ஒளியே ஏழரை சென்டிமீட்டர்தான் போகும். ரேமில் இருக்கும் ஒரு தகவல் வேண்டும் என்று ப்ராசஸர் கேட்டால், அது கைக்கு வந்து சேரச் சுமார் 80 நானோநொடி ஆகிறது. அதாவது 320 துடிப்புகள். இந்த எண்கள் மனதில் நிற்க, ஒரு துடிப்பை ஒரு நொடியாக நீட்டிப் பாருங்கள். ப்ராசஸருக்குள்ளேயே இருக்கும் சிறிய, வேகமான நினைவகமான கேஷின் முதல் நிலையில் தகவல் இருந்தால் நாலைந்து நொடியில் கிடைக்கும். மூன்றாம் நிலை கேஷில் இருந்தால் முக்கால் நிமிடம். ரேமில் இருந்தால் ஐந்து நிமிடத்துக்கு மேல். ரேம் நிரம்பி வழிந்து, தகவல் எஸ்எஸ்டிக்குப் போய்விட்டிருந்தால் இரண்டு நாளுக்கு மேல் ஆகும். பழைய ஹார்டு டிஸ்க் என்றால் ஒன்றேகால் வருடம்.

ரேம் ஏன் இவ்வளவு தாமதமாகப் பதில் சொல்கிறது? அதில் ஒவ்வொரு பிட்டும் ஒரு மிகச் சிறிய மின்தேக்கியில் மின்னூட்டமாகச் சேமிக்கப்படுகிறது. அதைத் திறந்து மூட ஒரு டிரான்சிஸ்டர். ஐபிஎம் நிறுவனத்தின் ராபர்ட் டென்னார்டு 1960களில் கண்டுபிடித்து 1968இல் காப்புரிமை பெற்ற அமைப்பு இது. இன்றைய ரேமும் அடிப்படையில் அதே அமைப்புதான். மின்னூட்டம் கசிந்துகொண்டே இருப்பதால் வழக்கமாக 64 மில்லிநொடிக்குள் எல்லா வரிசைகளையும் ஒருமுறை படித்துத் திரும்ப எழுத வேண்டும். ஒரு பிட்டைப் படிக்க வேண்டுமென்றால் அது இருக்கும் வரிசை முழுவதையும் திறக்க வேண்டும். மின்தேக்கியில் இருப்பது மிகக் கொஞ்சமான மின்னூட்டம் என்பதால் அதைப் பெருக்கித்தான் 0 அல்லது 1 என்று கண்டுகொள்ள முடியும். படிக்கும்போதே அந்த மின்னூட்டம் அழிந்துவிடுவதால் மறுபடி நிரப்பவும் வேண்டும். இத்தனைக்கும் நேரம் பிடிக்கிறது, அதைப் பெரிதாகக் குறைக்க யாராலும் முடியவில்லை.

விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போடும் வேக எண் இந்தத் தாமதத்தைச் சொல்வதில்லை. டிடிஆர்4, டிடிஆர்5 என்பவை ரேமின் அடுத்தடுத்த தலைமுறைகள். டிடிஆர்4-3200 என்றால் நொடிக்கு 320 கோடி முறை தகவல் கைமாறுகிறது; டிடிஆர்5-6000 என்றால் 600 கோடி முறை. பக்கத்திலேயே சிஎல் என்று ஓர் எண் இருக்கும். அதை 2000ஆல் பெருக்கி, வேக எண்ணால் வகுத்தால் தாமதம் நானோநொடியில் கிடைக்கும். சிஎல்16 டிடிஆர்4-3200க்குப் போட்டுப் பாருங்கள்: 10 நானோநொடி. சிஎல்30 டிடிஆர்5-6000க்கும் அதே 10 நானோநொடிதான். ரேமுக்குள் நடக்கும் ஒரு கட்டத்தின் நேரம் மட்டும்தான் இது. முழுப் பயணத்துக்கு ஆகும் 80இல் இதுவும் ஒரு பங்கு. ஆனால் விஷயம் இதிலேயே தெளிவாகத் தெரிகிறது. புதிய ரேம் ஒரே நேரத்தில் நிறையத் தகவலை அள்ளிக்கொண்டு வரும். முதல் துளி வருவது மட்டும் முன்பு போலத்தான். அதே டிடிஆர்4-3200ஐ சிஎல்22இல் வாங்கினால் 13.75 நானோநொடி. விலை ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் சிஎல் குறைந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். விலை மிகவும் கூடினால் விட்டுவிடலாம்.

காத்திருப்பைக் குறைக்க ப்ராசஸர் தயாரிப்பவர்கள் கையாளும் வழிதான் கேஷ். அடிக்கடி தேவைப்படும் தகவலை ப்ராசஸருக்குள்ளேயே வைத்துக்கொள்வது. கேஷில் ஒரு பிட்டுக்கு வழக்கமாக ஆறு டிரான்சிஸ்டர் வேண்டும் என்பதால் சிலிக்கானில் நிறைய இடம் பிடிக்கும், செலவும் கூடும். மலிவான மாடல்களில் முதலில் வெட்டப்படுவது இதுதான். ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் 5 5600, ரைசன் 5 5500 ப்ராசஸர்கள் இரண்டிலும் 6 கோர், 12 த்ரெட். கடிகார வேகத்திலும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் முன்னதில் மூன்றாம் நிலை கேஷ் 32 எம்பி, பின்னதில் 16 எம்பி. தனி கிராபிக்ஸ் கார்டு போட்டு விளையாடும்போது இந்த வித்தியாசம் தெரியும். கோர் எண்ணிக்கையை மட்டும் பார்த்து வாங்குபவர்கள் கவனிக்காமல் விடும் எண் இது. நான் இரண்டு ப்ராசஸர்களை ஒப்பிட்டால் கேஷ் அளவைத்தான் முதலில் பார்ப்பேன்.

சரி, ரேம் எவ்வளவு வேண்டும்? மேலே சொன்ன கணக்கில் ஐந்து நிமிடத்துக்கும் இரண்டு நாளுக்கும் இடையே உள்ள பள்ளத்தைப் பாருங்கள். ரேம் போதாமல் போனால் நீங்கள் விழுவது அந்தப் பள்ளத்தில்தான். எவ்வளவு விலை உயர்ந்த ப்ராசஸரும் அதிலிருந்து காப்பாற்றாது. 8 ஜிபியில் விண்டோஸ் 11, பிரௌசரில் பத்துப் பதினைந்து டேப், பின்னணியில் இரண்டு மென்பொருள் என்றாலே மூச்சுத் திணறும். ப்ராசஸரில் ஒரு படி இறங்கியாவது 16 ஜிபி போடுவதுதான் நல்லது.

அப்புறம், ஒரு ஸ்டிக்கா இரண்டா என்ற கேள்வி. சாதாரண டெஸ்க்டாப் ப்ராசஸர்களில் ரேமுக்கு இரண்டு பாதைகள் உண்டு, அவைதான் சேனல். ஒவ்வொரு சேனலும் ஒரு தடவைக்கு 8 பைட் கடத்தும். டிடிஆர்4-3200இல் ஒரு சேனலுக்கு நொடிக்கு 25.6 ஜிபி, இரண்டுக்கும் சேர்த்து 51.2 ஜிபி. ஒரே ஸ்டிக் போட்டால் ஒரு பாதை வெறுமனே கிடக்கும். ஈமெயில், கணக்கு வழக்கு, எழுத்து வேலை என்று மட்டும் இருந்தால் இதை நீங்கள் உணரவே மாட்டீர்கள். ப்ராசஸருக்குள் இருக்கும் கிராபிக்ஸை நம்பி விளையாடவோ வீடியோ எடிட் செய்யவோ போகிறீர்கள் என்றால் கதை வேறு. அந்த கிராபிக்ஸுக்குச் சொந்த நினைவகம் கிடையாது. எல்லாவற்றுக்கும் இதே ரேமைத்தான் தட்டும். முழு எச்டி திரையில் சுமார் 20 லட்சத்து 73 ஆயிரம் புள்ளிகள், ஒவ்வொன்றுக்கும் 4 பைட், நொடிக்கு 60 படங்கள் என்றால் முடிந்த படத்தைத் திரைக்கு அனுப்ப மட்டுமே நொடிக்குச் சுமார் 500 எம்பி வேண்டும். அந்தப் படத்தை வரைந்து முடிக்க இதைப்போலப் பல மடங்கு படித்து எழுத வேண்டும். ஆர்எக்ஸ் 6600 போன்ற நடுத்தரக் கார்டுக்குச் சொந்தமாக நொடிக்கு 224 ஜிபி பாதை இருக்கிறது. உள் கிராபிக்ஸ் தனக்குக் கிடைக்கும் 51.2 ஜிபியையும் ப்ராசஸரோடு பங்குபோட்டுக்கொள்கிறது. அதையும் பாதியாக்கிவிடாதீர்கள். உள் கிராபிக்ஸ் உள்ள ரைசன் 5 5600ஜி போன்ற ஒன்றை வாங்குபவர் இரண்டு 8 ஜிபி ஸ்டிக்கை முதல் நாளே போட்டுவிட வேண்டும்.

மதர்போர்டைப் பொறுத்தவரை முதலில் முடிவாவது சாக்கெட், அதாவது ப்ராசஸரைப் பொருத்தும் இடம். அது முடிவானால் எந்தெந்த ப்ராசஸர், எந்த ரேம் என்பது பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது. ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட் 2016இல் வந்தது, டிடிஆர்4 மட்டும். 2022இல் வந்த ஏஎம்5க்கு டிடிஆர்5 மட்டும். இன்டெலின் எல்ஜிஏ 1700 சாக்கெட் 12, 13, 14ஆம் தலைமுறைகளுக்கானது. அதில் டிடிஆர்4 போர்டும் உண்டு, டிடிஆர்5 போர்டும் உண்டு. இரண்டு வகை ஸ்டிக்கிலும் 288 தொடுமுனைகள்தான், ஆனால் அடிவிளிம்பில் உள்ள வெட்டு வேறு இடத்தில் இருப்பதால் மாற்றிச் செருக முடியாது. அதனால் ப்ராசஸர் விலையைத் தனியாக ஒப்பிடுவதில் அர்த்தமில்லை. மூன்றின் கூட்டுத்தொகையைத்தான் ஒப்பிட வேண்டும். உலக ரேம் உற்பத்தியின் பெரும்பகுதி சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் என்ற மூன்று நிறுவனங்களிடம் இருக்கிறது. அவை உற்பத்தியை மாற்றியமைத்தாலே விலை ஏறி இறங்கிவிடும். போன வருடம் கட்டுப்படியான ஜோடி இந்த வருடம் கட்டுப்படியாகாமல் போகலாம்.

என் கருத்து இது. பழைய டிடிஆர்4 ஸ்டிக் கையில் இருந்தாலோ, பணம் உண்மையிலேயே இறுக்கமாக இருந்தாலோ ஏஎம்4 அல்லது டிடிஆர்4 ஏற்கும் எல்ஜிஏ 1700 போதும். இன்னும் பல வருடம் உழைக்கும். எல்லாவற்றையும் புதிதாக வாங்கி, கொஞ்சம் நீட்டவும் முடியுமென்றால் ஏஎம்5இல் ஒரு சாதாரண 6 கோர் ப்ராசஸரோடு தொடங்குங்கள். பிற்காலத்தில் போர்டையும் ரேமையும் தொடாமல் ப்ராசஸரை மட்டும் மாற்றிக்கொள்ளும் வாய்ப்பு அதில்தான் இருக்கிறது.

போர்டில் பணம் எங்கே போகிறது என்றால், பெரும்பகுதி ப்ராசஸருக்கு மின்சாரம் ஊட்டும் பகுதிக்கு. பவர் சப்ளை தருவது 12 வோல்ட், ப்ராசஸர் கேட்பது சுமார் 1.2 வோல்ட். 65 வாட் என்று எழுதியிருக்கும் ரைசன் ப்ராசஸர் உண்மையில் 88 வாட் வரை இழுக்கும். 1.2 வோல்ட்டில் அது 70 ஆம்பியருக்கு மேல். சாக்கெட்டைச் சுற்றி வரிசையாக நிற்கும் சின்னச் சதுரக் கட்டிகளும் அவற்றின் பக்கத்தில் இருக்கும் மாஸ்ஃபெட் சிப்புகளும்தான் இந்த வேலையைச் செய்கின்றன. மிக மலிவான போர்டில் அவற்றின் மேல் சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க் இருக்காது. சூடு எல்லை தாண்டினால் போர்டு ப்ராசஸரின் வேகத்தைக் குறைத்துவிடும். 65 வாட் ப்ராசஸருக்கு ஏ520, பி550, பி760 வகைகளில் ஒழுங்காகச் செய்த ஒரு சாதாரண போர்டு தாராளம். 250 வாட் இழுக்கும் கோர் ஐ9ஐ அடிமட்ட வகையான எச்610 போர்டில் மாட்டுவது பணத்தைக் கரைக்கும் வேலை.

போர்டு வாங்குமுன் அதன் தயாரிப்பாளரின் தளத்தில் ப்ராசஸர் பட்டியலைத் திறந்து, உங்கள் ப்ராசஸருக்கு எந்த பயாஸ் (கணினியைத் தொடக்கி வைக்கும் போர்டின் மென்பொருள்) பதிப்பு வேண்டும் என்று பாருங்கள். பி450 போன்ற பழைய போர்டு பழைய பயாஸோடு வந்தால் ரைசன் 5000 வரிசை அதில் உயிர் பெறாது. ப்ராசஸர் இல்லாமலேயே பென்டிரைவிலிருந்து பயாஸை மாற்றும் பட்டன் சில போர்டுகளில் இருக்கும்.

ப்ராசஸர் பெயரின் கடைசி எழுத்தையும் விட்டுவிடாதீர்கள். இன்டெலில் எஃப் என்று முடிந்தால் உள் கிராபிக்ஸ் கிடையாது. தனிக் கார்டு இல்லாவிட்டால் திரையில் எதுவும் வராது.

நான்கு ஸ்லாட் உள்ள போர்டில் இரண்டு ஸ்டிக் மட்டும் போடும்போது, பெரும்பாலும் ப்ராசஸரிலிருந்து எண்ணினால் இரண்டாவதும் நான்காவதுமான ஸ்லாட்டில் செருக வேண்டும். அடுத்தடுத்து முதல் இரண்டில் செருகினால் இரண்டும் ஒரே சேனலில் போய் உட்கார்ந்துவிடும். மிச்ச இரண்டு ஸ்லாட்டைப் பிறகு நிரப்பிக்கொள்ளலாம் என்ற திட்டம் டிடிஆர்4இல் ஓரளவு நடக்கும். டிடிஆர்5இல் கவனம் தேவை. ரைசன் 7000 வரிசைக்கு ஏஎம்டி அதிகாரபூர்வமாகச் சொல்லும் வேகம் இரண்டு ஸ்டிக்குக்கு 5200, நான்குக்கு 3600. டிடிஆர்5 வாங்கினால் பின்னால் தேவைப்படும் அளவை இரண்டே ஸ்டிக்கில் முடித்துக்கொள்வது மேல்.

எல்லாம் மாட்டி, விண்டோஸ் ஏறியதும் டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தைத் திறந்து, மெமரியின் வேகத்தைப் பாருங்கள். 3200 என்று விற்ற ஸ்டிக் அங்கே 2133 அல்லது 2400 என்று காட்டலாம். ஸ்டிக் பழுது என்று நினைக்க வேண்டாம். எல்லாப் போர்டிலும் பாதுகாப்பாகத் தொடங்குவதற்காக ரேம் முதலில் குறைந்த வேகத்தில்தான் இயங்கும். பயாஸுக்குள் போய் எக்ஸ்எம்பி என்பதை இயக்கினால் விற்ற வேகம் வரும். ஏஎம்5 போர்டில் எக்ஸ்போ என்று இருக்கும். இரண்டு நிமிட வேலை, கூடுதல் செலவு கிடையாது. இயக்கிய பிறகு கணினி திணறினால் ஒரு படி கீழான வேகத்தை வைத்துப் பாருங்கள்.