ஹெவிவெயிட்

ராயபுரம் கல்மண்டபத்தில் ஒரு டீக்கடை. குத்துச்சண்டையில் யார் பெரிய ஆள், ராக்கி மார்சியானோவா, மைக் டைசனா என்று இரண்டு பேர் மல்லுக்கு நின்றார்கள். ஒருவர் இளவயதில் கையுறை மாட்டிய பெரியவர். மற்றவர் பழைய சண்டைகளைச் செல்போனிலேயே பார்த்துத் தேறிய பையன்.

"நாப்பத்தொம்பது சண்டை, ஒண்ணுகூட தோக்கல. டைசனுக்கு அது உண்டா?"

"அந்தக் காலத்து ஆளுங்க வெயிட்டு கம்மி பெரியப்பா."

"இன்னாடா கம்மி? ரெண்டு பேருமே ஹெவிவெயிட்டுதானே?"

வில்லங்கமே இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. மற்ற எடைப் பிரிவுகளுக்கெல்லாம் 'இதற்கு மேல் போகக்கூடாது' என்று ஒரு கூரை உண்டு. ஹெவிவெயிட்டுக்குக் கூரை கிடையாது, தரை மட்டும்தான். அந்தத் தரையும் ஓர் இடத்தில் நின்றதில்லை. 1903-இல் லைட் ஹெவிவெயிட் வரும்வரை, மிடில்வெயிட்டைத் தாண்டிய எல்லாருமே ஹெவிவெயிட். அப்புறம் சுமார் 79 கிலோவைத் தாண்டியவர்கள். 1979 கடைசியில் இரண்டுக்கும் நடுவே க்ரூசர்வெயிட் என்ற பிரிவு நுழைந்ததும் தரை 86 கிலோவுக்கு உயர்ந்தது. 2003-க்குப் பிறகு தொழில்முறைச் சண்டையில் அது பெரும்பாலும் 200 பவுண்ட், அதாவது 90.7 கிலோ.

இதை வைத்துப் பழைய சாம்பியன்களைத் தராசில் ஏற்றினால் வேடிக்கைதான். 1897-இல் கார்பெட்டை வீழ்த்தி உலக ஹெவிவெயிட் பட்டம் வாங்கிய பாப் ஃபிட்சிம்மன்ஸ் சுமார் 76 கிலோ. இன்றைக்கு அவர் சூப்பர் மிடில்வெயிட். மார்சியானோ 83, 84 கிலோ, ஆகவே க்ரூசர்வெயிட். 1986-இல் இருபது வயதில் பட்டம் வென்ற டைசன் 100 கிலோ. 2020-இல் வைல்டரை வீழ்த்தியபோது டைசன் ஃப்யூரி 120 கிலோவுக்கும் மேல். பட்டத்தின் பெயர் ஒன்று, ஆட்களுக்கு நடுவே ஒரு அரிசி மூட்டை அளவு வித்தியாசம்.

பையன் சொன்னது சரி என்று ஆகிவிடுமா? ஆகாது. 1919-இல் சுமார் 85 கிலோ ஜாக் டெம்ப்சி, 111 கிலோ ஜெஸ் வில்லார்டை முதல் சுற்றிலேயே ஏழு முறை தரையில் உட்காரவைத்தார். க்ரூசர்வெயிட்டிலிருந்து ஏறிவந்த உக்ரைன் வீரர் உசிக், தன்னைவிடப் பதினைந்து கிலோவுக்கு மேல் கூடுதலான ஃப்யூரியை 2024-இல் இரண்டு முறை வென்றார். அலியும் மார்சியானோவும் மோதினால் யார் ஜெயிப்பார் என்று 1970-இல் கம்ப்யூட்டரையே கேட்டார்கள். அமெரிக்கத் திரையரங்குகளில் மார்சியானோ ஜெயித்தார், ஐரோப்பாவுக்குப் போன பிரதியில் அலி ஜெயித்தார்! கல்மண்டபத்துத் தீர்ப்பு இதைவிட நேர்மையாக இருக்கும்.

சரி, 'ஹெவிவெயிட்' என்ற சொல்லுக்கு வருவோம். ஆங்கிலத்தில் 'ஹெவி' என்பது தூக்குதல் என்ற வினையோடு ஒட்டிப் பிறந்தது. 'வெயிட்' சுமத்தலோடு உறவுள்ளது. நம் 'எடை'யும் அப்படித்தான்: எடு, எடை. தூக்கிப் பார்த்தால்தானே தெரியும்! (கிலோவில் சொல்வது எடை அல்ல, நிறை என்று இயற்பியல் ஆசிரியர் கோபிப்பார். அந்தச் சண்டைக்கு நான் வரவில்லை.)

தமிழில் என்ன சொல்வது? 'அதிக எடை' என்றால் டாக்டர் நடைப்பயிற்சி எழுதிக்கொடுத்த மாதிரி இருக்கிறது. 'கனரகம்' என்றால் எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிதான் நினைவுக்கு வரும். 'பளு' ஏற்கெனவே பளுதூக்குதலுக்குப் போய்விட்டது. பிரிவின் பெயராக எனக்குப் பிடித்தது 'பேரெடை'. பெருமை, பேரூர் போல வாயில் எளிதாக வரும், உடம்பைக் குறை சொல்லாது.

ஆனால் அரசியல் செய்தியில் வரும் 'ஹெவிவெயிட் வேட்பாளர்' பேரெடை வேட்பாளர் ஆகமாட்டார். அவருக்குப் 'பெரும்புள்ளி' என்ற சொல் காத்திருக்கிறது. வடசென்னைப் பேச்சில் 'வெயிட்டான ஆளு', 'பெரிய கை' என்றால் முடிந்தது. வெயிட்டான ஆள் ஐம்பது கிலோ இருந்தாலும் குற்றமில்லை.

இங்கே குத்துச்சண்டைக்காரரை அடையாளம் சொல்லும்போது எடையைவிட முதலில் வந்தது பரம்பரை, அதாவது எந்தக் குத்துச்சண்டைக் கூட்டத்து ஆள் என்பது: சார்பட்டாவா, இடியப்ப நாயக்கரா என்பதுதான் கேள்வி. 1980-இல் முகமது அலி சென்னை நேரு ஸ்டேடியத்தில் காட்சிச் சண்டை போட்டபோது எதிரே நின்ற ஜிம்மி எல்லிஸ், மிடில்வெயிட்டில் தொடங்கி ஹெவிவெயிட் பட்டம்வரை ஏறியவர்.

ஆகவே காலம் தாண்டி ஒப்பிட்டு எழுதுகிறவர்கள் பேரெடை என்பதோடு நிறுத்தாமல், நம் பத்திரிகைகள் '51 கிலோ எடைப் பிரிவு' என்று எழுதுவதுபோலக் கிலோவையும் சேர்த்துவிடுங்கள்: 'பேரெடைச் சாம்பியன் மார்சியானோ (84 கிலோ)', 'பேரெடைச் சாம்பியன் டைசன் (100 கிலோ)'. பெரியவரிடம் இதைச் சொன்னேன். "அந்தப் பதினாறு கிலோவும் வயித்துலதான் இருக்கும்" என்றார்.