பாஸ் மீன் பிடித்துப் பிழைக்க முடியுமா? ஒரு வரிக் கணக்காளரின் குறிப்புகள்

டெக்சஸில் வரிக் கணக்கு எழுதும் தொழிலில் இருப்பவர்களிடம் எல்லா விதமான சுயதொழில்காரர்களும் வருவார்கள். லாரி ஓட்டுபவர், முடி திருத்துபவர், பல் மருத்துவர், அப்புறம் பாஸ் மீன் போட்டிகளுக்குப் போய்வருவதையே முழுநேர வேலையாக வைத்திருப்பவர். கடைசி வகையைப் பற்றி இப்போது இங்கே இருக்கும் நம் தமிழ் ஆட்களும் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். பையன் பள்ளியின் மீன்பிடிக் குழுவில் சேர்ந்திருக்கிறான், யூட்யூபில் எந்நேரமும் அதையே பார்க்கிறான், பெரியவனானால் இதுதான் என் வேலை என்கிறான். இதில் காசு இருக்கிறதா?

இருக்கிறது. ஆனால் அது மீனிடமிருந்து வருவது குறைவு. இந்தத் தொழிலில் நின்றவர்களின் வரவு செலவைப் புரட்டினால், பரிசுப் பணம் பெட்ரோலுக்கும் நுழைவுக் கட்டணத்துக்கும் சரியாகப் போயிருக்கும். வீட்டுக் கடனை அடைத்தது ஸ்பான்சர் பணமாகவோ டிவி பணமாகவோதான் இருக்கும். இதை முதலிலேயே தெரிந்துகொண்டு இறங்குபவர்களுக்கும் தெரியாமல் இறங்குபவர்களுக்கும் நாலைந்து வருடத்தில் பெரிய வித்தியாசம் தெரியும்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: பாஸ் என்பது ஏரிகளிலும் நீர்த்தேக்கங்களிலும் வாழும் நன்னீர் வேட்டை மீன். லார்ஜ்மவுத், ஸ்மால்மவுத் என்று சில வகைகள் உண்டு. போட்டியில் பிடித்ததை யாரும் குழம்பு வைப்பதில்லை. படகிலேயே இருக்கும் தொட்டியில் உயிரோடு வைத்திருந்து, மாலையில் மேடையில் ஐந்து மீனை எடை போட்டுவிட்டுத் திரும்பத் தண்ணீரில் விட்டுவிடுவார்கள். மீன் செத்திருந்தால் எடையில் கழிவு. தாமதமாகக் கரை சேர்ந்தால் நிமிடத்துக்கு ஒரு பவுண்டு போச்சு.

இதை ஒரு பிழைப்பாக மாற்றியவர் அலபாமாவைச் சேர்ந்த இன்சூரன்ஸ் ஏஜென்ட் ரே ஸ்காட். 1967 ஜூனில் ஆர்கன்சாவின் பீவர் ஏரியில் அவர் நடத்திய போட்டிக்குத் தலைக்கு 100 டாலர் கட்டி 106 பேர் வந்தார்கள். அடுத்த வருடம் பி.ஏ.எஸ்.எஸ். என்ற அமைப்பு பிறந்தது. 1971இல் அதன் வருடாந்திரப் பெரிய இறுதிப் போட்டியான பாஸ்மாஸ்டர் கிளாசிக் முதன்முறை நடந்தது. எந்த ஏரி என்று சொல்லாமலே போட்டியாளர்களை விமானத்தில் ஏற்றி, வானத்தில் பறக்கும்போதுதான் 'நாம் லேக் மீடுக்குப் போகிறோம்' என்று அறிவித்தார். பத்திரிகைக்காரர்களும் அதே விமானத்தில் இருந்தார்கள். பரிசு 10,000 டாலர். இன்று கிளாசிக்கில் முதல் பரிசு 3 லட்சம் டாலர். இன்சூரன்ஸ் விற்றவர் தொடங்கிய விளையாட்டு என்பதை நான் மறப்பதே இல்லை. இதன் உள்ளே இருப்பது அன்றும் இன்றும் விற்பனைதான்.

பீவர் ஏரியில் அன்று முதல் மீனைப் பிடித்தவர் என்று பெயர் வாங்கியவர் பில் டான்ஸ். சீசன் முழுவதற்குமான சிறந்த மீன்பிடிக்காரருக்குத் தரும் 'ஆங்க்ளர் ஆஃப் தி இயர்' பட்டத்தை மூன்று முறை பெற்றவர். போட்டிகளில் உச்சத்தில் இருந்தவர் 1980இல், நாற்பது வயதை ஒட்டி, போட்டிகளை விட்டு விலகினார். காரணம், 1968இலேயே மெம்ஃபிஸில் ஒரு உள்ளூர் டிவி நிலையத்தில் அவர் ஆரம்பித்திருந்த நிகழ்ச்சி. டென்னசி பல்கலைக்கழகத்தின் ஆரஞ்சு நிற 'டி' எழுத்துப் போட்ட தொப்பியோடு, படகில் வழுக்கி விழுவதையும் கம்பு முறிவதையும்கூட வெட்டாமல் காட்டிச் சிரிக்க வைத்த அந்த நிகழ்ச்சிதான் அவரை வீட்டுக்கு வீடு தெரிந்த மனிதர் ஆக்கியது. 1979, 1989 இரண்டு கிளாசிக்கையும் வென்ற ஹாங்க் பார்க்கரும் டிவி பக்கம் போனார். ஜிம்மி ஹூஸ்டன் பிடித்த மீனுக்கு முத்தம் கொடுத்துத் திரும்ப விடுவார். ஜனங்களுக்கு அது போதும். இவர்கள் எல்லோரும் அபாரமான மீன்பிடிக்காரர்கள், சந்தேகமே இல்லை. ஆனால் அவர்கள் அளவுக்கு மீன் பிடித்து, வாய் திறக்கத் தெரியாததால் ஊர் திரும்பியவர்களும் உண்டு.

சரி, அந்த டிவி பணம் எப்படி வருகிறது? இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். 'சேனலில் நிகழ்ச்சி வந்தால் சேனல் சம்பளம் கொடுக்கும்' என்று நினைக்கிறார்கள். மீன்பிடி, வேட்டை நிகழ்ச்சிகளில் வழக்கம் பெரும்பாலும் தலைகீழ். நிகழ்ச்சி நடத்துபவர்தான் சேனலிடம் அரைமணி நேரத்தைக் காசு கொடுத்து வாங்குகிறார். படகு கம்பெனி, மோட்டார் கம்பெனி, தூண்டில் நரம்பு விற்பவர், சுற்றுலாத் துறை என்று அலைந்து விளம்பரம் பிடித்து அந்தக் காசைத் திரும்ப எடுக்க வேண்டும். விளம்பரம் போக மிஞ்சும் இருபத்திச் சொச்ச நிமிடத்தை நிரப்ப, கேமராக்காரர்களோடு இரண்டு மூன்று நாள் ஏரியில் கிடக்க வேண்டியிருக்கும். மீன் கடிக்காத நாளிலும் கேமராக்காரருக்குக் கூலி உண்டு. பாதி சீசனில் ஒரு ஸ்பான்சர் கழன்றுகொண்டால், சேனலுக்குக் கட்ட வேண்டிய தவணை மட்டும் அப்படியே நிற்கும். என் மேசைக்கு வந்த பெரிய நஷ்டங்கள் இப்படித்தான் வந்தவை. ஸ்பான்சரிடம் கையெழுத்து வாங்கி முன்பணம் வராமல் சேனல் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீர்கள் என்று கேட்பவர்களிடமெல்லாம் சொல்கிறேன். யூட்யூபில் இந்தத் தொல்லை குறைவு. அதனால்தான் இளைஞர்கள் அங்கே போகிறார்கள். ரோலண்ட் மார்ட்டின் ஒன்பது முறை ஆங்க்ளர் ஆஃப் தி இயர், பெரிய டிவி நட்சத்திரம். அவர் மகன் ஸ்காட் மார்ட்டின் இன்று யூட்யூபிலும் சக்கைப்போடு போடுகிறார்.

பரிசுப் பணத்துக்கு வருவோம். கெவின் வான்டாம்தான் இந்த விளையாட்டின் பெரிய பெயர். நான்கு கிளாசிக், ஏழு ஆங்க்ளர் ஆஃப் தி இயர். முப்பது வருடத்துக்கு மேல் விளையாடி 2023இல் ஓய்வு பெற்றார். பி.ஏ.எஸ்.எஸ். போட்டிகளில் மட்டும் அவர் வென்றது 60 லட்சம் டாலருக்கு மேல். கேட்க மலைப்பாக இருக்கிறது. வருடத்துக்கு வகுத்தால் சுமார் 2 லட்சம் டாலர், அதுவும் செலவு கழிப்பதற்கு முன். டல்லாஸில் கணவன் மனைவி இருவரும் ஐ.டி. வேலைக்குப் போகும் ஒரு நடுத்தரத் தமிழ்க் குடும்பம் அதைத் தொட்டுவிடும். வான்டாம் என்ன, அவருக்கு ஸ்பான்சர் வருமானம் இருந்தது; நான் சொல்ல வருவது நாற்பதாம் இடத்தில், அறுபதாம் இடத்தில் நிற்பவரைப் பற்றி. பி.ஏ.எஸ்.எஸ்.ஸின் மேல்மட்டத் தொடரான எலீட் சீரிஸில் சுமார் நூறு பேர் மோதுகிறார்கள். ஒரு போட்டியில் முதல் பரிசு 1 லட்சம் டாலர். பட்டியலின் கீழ்ப்பாதியில் முடித்தால் காசோலை கிடைக்காமலே போகலாம். சீசன் முழுவதுக்குமான நுழைவுக் கட்டணமே 40,000 டாலரைத் தாண்டும். இதற்கு மேல் டிரக், டீசல், தங்குமிடம், தூண்டில் சாமான், 250 குதிரைசக்தி மோட்டார் குடிக்கும் பெட்ரோல். எல்லாம் பூட்டிய படகு ஒன்று 80,000 டாலருக்கு மேல் போகிறது. பிப்ரவரியில் தெற்கே ஆரம்பித்துக் கோடையில், சில வருடங்களில், நியூயார்க்கின் செயின்ட் லாரன்ஸ் ஆறு வரை இழுத்துக்கொண்டு போக வேண்டும்.

டாகஹிரோ ஓமோரி கதையை எல்லோரும் சொல்வார்கள். 1992இல் ஜப்பானிலிருந்து வந்தார், ஆங்கிலம் சரியாகத் தெரியாது, வண்டியிலேயே படுத்துத் தூங்கிப் போட்டிகளுக்குப் போனார், 2004இல் லேக் வைலியில் கிளாசிக்கை வென்றார். அத்தனையும் உண்மை, எனக்கும் பிடித்த கதைதான். அதே மாதிரி வண்டியில் படுத்துத் தூங்கி, கடைசியில் படகை விற்றுவிட்டுக் குளிர்சாதன ரிப்பேர் வேலைக்குப் போனவரைப் பற்றி யாரும் நிகழ்ச்சி எடுப்பதில்லை. அவர்கள் என் மாதிரி ஆட்களின் கோப்புகளில்தான் இருக்கிறார்கள்.

பரிசு பொருளாக வந்தாலும் வரி உண்டு என்பது பலருக்கு ஏப்ரலில்தான் தெரிகிறது. டெக்சஸின் சாம் ரேபர்ன் ஏரியில் நடப்பது போன்ற போட்டிகளில் படகும் டிரக்கும் பரிசாகக் கிடைக்கும். அன்றைய சந்தை விலை முழுவதும் உங்கள் வருமானத்தில் சேரும். இதைத் தொழிலாகச் செய்பவர் என்றால் வருமான வரியோடு, சுமார் 15.3 சதவீத சுயதொழில் வரியும் அதன்மேல் வரும். கையில் ரொக்கம் இல்லை, வாசலில் படகு நிற்கிறது, வரித்துறை பணம் கேட்கிறது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். நிறையப் பேர் வென்ற படகை ஷோரூம் வாசனை போவதற்குள் விற்றுவிடுவதன் ரகசியம் இதுதான்.

அடுத்தது, இது தொழிலா பொழுதுபோக்கா என்ற கேள்வி. நஷ்டம் வந்த வருடத்தில் மனைவியின் சம்பள வருமானத்தோடு சேர்த்து அந்த நஷ்டத்தைக் கழிக்கலாம் என்று ஆசைப்படுவார்கள். ஐ.ஆர்.எஸ். எனும் மத்திய வரித்துறை சும்மா விடாது. ஐந்து வருடத்தில் மூன்று வருடம் லாபம் காட்டியிருந்தால் தொழில் என்று பொதுவாக ஏற்கும். இல்லையென்றால் ஒன்பது அம்சங்களை வைத்து அலசும்: கணக்கு ஒழுங்காக எழுதுகிறாரா, நேரம் எவ்வளவு செலவிடுகிறார், நிபுணர்களிடம் கற்றாரா என்று போகும். அதில் ஒன்பதாவது, இந்த வேலையில் உங்களுக்கு இன்பம் கிடைக்கிறதா என்பது! சுகமாக இருந்தால் சந்தேகம் கூடும். பொழுதுபோக்கு என்று முடிவு கட்டிவிட்டால், பரிசுக்கு வரி கட்ட வேண்டும், செலவைக் கழிக்கவே முடியாது. 2018லிருந்து நிலைமை இதுதான். ஆகவே தனி வங்கிக் கணக்கு, மைல் கணக்கு, எந்தெந்த ஸ்பான்சரை எப்போது பார்த்தீர்கள் என்ற குறிப்பு, எழுத்தில் ஒரு வியாபாரத் திட்டம் இவை வேண்டும். ரசீதுகளைத் தூண்டில் பெட்டியில் திணித்துவைத்து, பிளாஸ்டிக் புழு வாசனையோடு என்னிடம் கொண்டுவந்து கொட்டுவதைக் கணக்கு என்று ஏற்க முடியாது.

பள்ளி, கல்லூரிப் பிள்ளைகளைக் குறிவைக்கும் ஒன்று உண்டு: 'ப்ரோ ஸ்டாஃப்'. ஒரு தூண்டில் கம்பெனி உங்கள் பையனுக்குக் கடிதம் அனுப்பும். நீ எங்கள் அணியில் சேர்ந்துவிட்டாய், எல்லாச் சாமானும் உனக்குத் தள்ளுபடி விலையில். பையன் ஸ்பான்சர் கிடைத்துவிட்டது என்று குதிப்பான். பணம் எந்தப் பக்கம் நகர்கிறது என்று மட்டும் பாருங்கள். உங்கள் பாக்கெட்டிலிருந்து அவர்களுக்குப் போனால் அவன் வாடிக்கையாளர். அதோடு வாரம் இத்தனை பதிவு போட வேண்டும், வேறு கம்பெனிப் பொருளைக் காட்டக் கூடாது, எடுத்த படங்களை நாங்கள் காலத்துக்கும் பயன்படுத்துவோம் என்று பொடி எழுத்தில் இருக்கும். இலவசமாகவோ தள்ளுபடியிலோ வாங்கிய பொருளைப் புகழ்ந்தால், கம்பெனியோடு உள்ள தொடர்பை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்பது மத்திய வர்த்தக ஆணையத்தின் விதி; அதையும் பையனுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

உண்மையான ஸ்பான்சர் ஒப்பந்தத்திலும் ஒரு இடத்தைக் கவனியுங்கள்: எந்தப் போட்டித் தொடரில் விளையாடினால் இந்தப் பணம்? 2011இல் கேரி கிளைன், பாய்ட் டக்கெட் போன்ற போட்டியாளர்கள் டிவிக்கென்றே மேஜர் லீக் ஃபிஷிங்கை ஆரம்பித்தார்கள். ஐந்து மீன் கணக்கு இல்லை. பிடித்த ஒவ்வொன்றையும் படகிலேயே எடை போட்டு உடனே விடுவார்கள், புள்ளிப் பட்டியல் நேரலையில் ஓடும். 2019இல் அதன் புதிய தொடரான பாஸ் ப்ரோ டூருக்கு 80 பேர் போனபோது எலீட் சீரிஸின் முகமே மாறிவிட்டது. பெரிய பெயர்களுக்கு ஸ்பான்சர்கள் கூடவே வந்தார்கள். மற்றவர்கள் ஒப்பந்தத்தை மறுபடி பேச வேண்டியிருந்தது. விதிகளும் அப்படித்தான் மாறும். படகின் முன்னால் மீன் நீந்துவதை அந்த நொடியிலேயே திரையில் காட்டும் சோனார் வந்தபின், இளைஞர்கள் கடன் வாங்கித் திரை திரையாகப் பூட்டினார்கள். 2025 சீசனில் பாஸ் ப்ரோ டூர் அதை நாளின் மூன்று பகுதிகளில் ஒன்றில் மட்டும் பயன்படுத்தலாம் என்றது. பி.ஏ.எஸ்.எஸ்.ஸும் கட்டுப்பாடு கொண்டுவந்தது. கடன் தவணைக்கு அப்படி எந்தக் கட்டுப்பாடும் வரவில்லை.

கல்லூரி வழி நல்ல வழி என்றே நினைக்கிறேன். ஜோர்டன் லீ ஆபர்ன் பல்கலைக்கழகக் குழுவிலிருந்து வந்து 2017, 2018 இரண்டு கிளாசிக்கையும் அடுத்தடுத்து வென்றார். 2025இல் வென்ற ஈஸ்டன் ஃபாதர்கில்லுக்கு அப்போது வயது 22. மாண்டெவாலோ பல்கலைக்கழகத்தில் விளையாடியவர். டென்னசியின் பெத்தேல் பல்கலைக்கழகம் மீன்பிடிக்கே உதவித்தொகை தருகிறது. மார்க்கெட்டிங்கோ வீடியோ தயாரிப்போ படித்துக்கொண்டே நாலு வருடம் போட்டியில் ஆடினால், படகு கைகொடுக்காவிட்டாலும் அந்தப் படிப்பு சோறு போடும்.

உடம்பைப் பற்றி டாக்டர்கள்தான் எழுத வேண்டும். நாள் முழுக்க வீசுவதில் தோள் போகிறது, அலையில் 70 மைல் வேகத்தில் குதித்துக் குதித்து முதுகு போகிறது, வெயிலில் தோல் போகிறது. 26 அடிக்குக் குறைந்த படகை வேகமாக ஓட்டும்போது, ஓட்டுபவர் விழுந்தால் எஞ்சின் தானே நிற்கும் கயிற்றை மாட்டியிருக்க வேண்டும் என்று 2021 ஏப்ரலிலிருந்து மத்திய சட்டமே இருக்கிறது. என் பங்குக்கு நான் கேட்பது இன்சூரன்ஸ். சாதாரணப் படகு பாலிசி போட்டி நாளில் செல்லுமா என்று எழுத்தில் வாங்குங்கள். மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் மனைவியின் வேலையிலிருந்துதான் வருகிறது. ஆசிரியையாகவோ நர்ஸாகவோ ஒருவர் வீட்டைத் தாங்கினால்தான் இன்னொருவர் ஏரியில் நிற்க முடிகிறது.

கடைசியாகத் தேதிகள். டெக்சஸிலும் டென்னசியிலும் ஃப்ளோரிடாவிலும் சம்பாதித்ததற்கு மாநில வருமான வரி இல்லை. அலபாமாவிலோ நியூயார்க்கிலோ வென்றால் அங்கே தனியாகக் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும். மத்திய வரியை ஏப்ரல் 15, ஜூன் 15, செப்டம்பர் 15, ஜனவரி 15 என்று நான்கு தவணையில் முன்கூட்டியே கட்ட வேண்டும். பிப்ரவரியில் வந்த காசோலை ஏப்ரலுக்குள் டீசலாக மாறியிருக்கும். அதனால் எந்தப் பணம் வந்தாலும் அன்றைக்கே மூன்றில் ஒரு பங்கைத் தொடாத கணக்குக்கு மாற்றிவிடச் சொல்வேன். இதுவரை சொன்னபடி செய்தவர்கள் பெரும்பாலும் மீன்பிடிக்காரர்களின் மனைவிமார்தான்.