எட்டு மில்லிமீற்றர் என்று நம்பிய துளை

திருகோணமலை உப்புவெளியில் பெரியப்பாவின் வளவில், கோழிக்கூட்டுக்குப் பின்னால், இருபது வருடத்துக்கு மேலாக ஒரு பி.எஸ்.ஏ. எம் 20 மோட்டார் சைக்கிள் கிடந்தது. இரண்டாம் உலகப் போரில் பிரித்தானியப் படைகளுக்காக பர்மிங்காமில் ஒரு இலட்சத்துக்கும் மேல் செய்து குவித்த வண்டி அது. 496 சி.சி., ஒற்றைச் சிலிண்டர், 13 குதிரைவலு. 1957இல் பிரித்தானியர் திருகோணமலைக் கடற்படைத் தளத்தைக் கையளித்துவிட்டுப் போனபிறகும் இந்த இனத்து வண்டிகள் கைமாறிக் கைமாறி இங்கே ஓடின. உதிரிப்பாகம் கிடைக்காத காலங்களில் கையில் அகப்பட்டதைப் பூட்டி ஓட்டினார்கள். பெரியப்பாவின் வண்டியிலும் ஜப்பான் போல்ட் இருந்தது, வேறெதிலோ கழற்றிய காபரேட்டர் இருந்தது.

கிக்கரை மிதித்தால் அசையவில்லை. சிலிண்டருக்குள் பிஸ்டன் இறுகிப்போயிருந்தது. இரும்பு துருவாகும்போது முன்பு இருந்ததைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் இடம் பிடிக்கும். மயிரிழை இடைவெளிக்குள் அது வீங்கினால் ஆப்பு அடித்த மாதிரித்தான். கடற்கரையில் இன்னொரு தொல்லையும் உண்டு. அலுமினிய உறைக்குள் இரும்பு போல்ட் இருக்க, உப்பு ஈரம் இரண்டுக்கும் நடுவே புகுந்தால் அந்த இடம் ஒரு குட்டி பற்றரி ஆகிவிடும். அதில் கரைந்து போவது அலுமினியம். போல்ட்டைச் சுற்றி வெள்ளைப் பொடி தெரிந்தால் அதுதான் காரணம். இந்த இடத்தில் சுத்தியலைத் தொடவே கூடாது. டீசல் ஊற்றி ஒரு கிழமை விட்டேன். போல்ட் இருந்த இடங்களுக்குச் சூடு காட்டினேன். ஒரே சூட்டில் அலுமினியம் இரும்பைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும். துளையும் சேர்ந்து விரிவதால் போல்ட் பிடி விடுகிறது.

சிலிண்டரைக் கழற்றி உட்சுவரை நகத்தால் தடவினேன். மேல்விளிம்புக்குக் கொஞ்சம் கீழே ஒரு படி தடுக்கியது. பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையம், அதாவது ரிங், போய்வந்து தேய்த்த இடம் முடிகிற எல்லை அது. அளந்து பார்த்தேன். புதிதில் 82 மில்லிமீற்றர் இருக்கவேண்டிய துளை, அடியில் 82.02. மேலே முன்பின்னாக 82.48, பக்கவாட்டில் 82.31. வட்டம் முட்டையாகியிருந்தது. ஏன் மேலே மட்டும் இவ்வளவு தேய்மானம்?

கொட்பே பக்கம் பைபர் போட் போவதைக் கவனித்திருப்பீர்கள். வேகம் எடுத்தால் மூக்கைத் தூக்கித் தண்ணீர்மேல் சறுக்கும். இயந்திரத்தை நிறுத்தினால் அமிழ்ந்துவிடும். ரிங் எண்ணெய்மேல் போவதும் இப்படித்தான். ஓடும்போது எண்ணெய் தானாக அடியில் புகுந்து அதைச் சுவரிலிருந்து தூக்கிவைத்திருக்கும். ஆனால் பிஸ்டன் ஒவ்வொரு முறை உச்சிக்குப் போகும்போதும் ஒரு கணம் நின்றுதான் திரும்பவேண்டும். நிமிடத்துக்கு 3000 சுற்று என்றால் உச்சியில் மட்டும் செக்கனுக்கு ஐம்பது தரம் அது நிற்கிறது. அங்கேதான் நெருப்பும் அழுத்தமும் உச்சம், எண்ணெயும் மெலிவு. உலோகம் உலோகத்தை உரசுகிறது. கீழிறங்கும் பிஸ்டனை, அதன் அடியில் பூட்டிய கனெக்டிங் ரொட் தண்டு சரிவாக இருந்து ஒரு பக்கச் சுவரோடு தள்ளுவதால் அந்த முன்பின் திசையில் தேய்மானம் அதிகம்.

புது ரிங் மட்டும் போட்டு ஓட்டலாம் என்று சொன்னவர்கள் உண்டு. வட்டமான ரிங் முட்டை வடிவத் துளையில் எப்படி அடைக்கும்? துளையைப் பெரிதாக்கிப் பெரிய பிஸ்டன் போடுவதுதான் வழி. தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 20 தௌ, அதாவது அரை மில்லிமீற்றர், பெரிதாக்கினால், ஒரு பக்கச் சுவரே கூடத் தேய்ந்திருப்பதால், தேய்வு முழுதும் மறையாது. அதனால் 40 தௌவுக்குப் போனோம். அப்போதும் பிஸ்டனுக்கும் சுவருக்கும் இடையே சிறு வெளி விடவேண்டும். நூறு பாகை சூடேறினால் அலுமினியப் பிஸ்டன் 0.19 மில்லிமீற்றர் பெருக்கும், வார்ப்பிரும்புச் சிலிண்டர் 0.09 மட்டும். அந்த வெளி இல்லையென்றால் நடுவழியில் பிடித்துக்கொள்ளும்.

தேய்ந்த பாகத்தைவிடப் பொருந்தாத பாகம்தான் வண்டியைக் கெடுக்கும் என்பது என் எண்ணம். இயந்திரத்தின் பக்க மூடியான டைமிங் கவரில் ஒரு துளைக்குள் எட்டு மில்லிமீற்றர் போல்ட் இருந்தது. லேத் கடை ஐயா வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "தம்பி, இது எட்டில்லை. ஆரோ எட்டாக்கப் பாத்திருக்கிறாங்க."

அது 5/16 அங்குலப் புரி. விட்டம் 7.94 மில்லிமீற்றர் என்பதால் எட்டென்று ஏமாந்துவிடுவோம். ஆனால் அதில் அங்குலத்துக்கு 22 புரி, ஒரு புரிக்கு 1.155 மில்லிமீற்றர். எட்டு மில்லி போல்ட்டிலோ 1.25. முதல் இரண்டு சுற்று இலேசாகப் போகும். பத்தாவது சுற்றில் ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் விலகியிருக்கும். ஸ்பனரால் திணித்தால் மென்மையான அலுமினியம்தான் கிழியும். ஐயா துளையைப் பெரிதாக்கி, புஷ் என்ற உலோக வளையத்தை இறக்கி, பழைய புரியையே மறுபடி வெட்டித்தந்தார்.

கால் அங்குலச் சுரைகள் (நட்) இன்னும் மோசம். இந்த வண்டிகளில் இரண்டு வகை உண்டு, இரண்டுக்கும் அங்குலத்துக்கு 26 புரி. ஒன்றில் பல்லின் கோணம் 55 பாகை. அது 1841இல் விட்வேர்த் வகுத்த கோணம். மற்றது சைக்கிள் புரி, 60 பாகை. மாற்றிப் போட்டால் விரலாலேயே ஏறிவிடும், சந்தேகமே வராது. ஆனால் பல்லின் முழு முகமும் படியாது. அதிர்வில் கழன்றுவிடும். பழைய விட்வேர்த் ஸ்பனரில் 1/4 W என்று பொறித்திருப்பதும் வாயின் அகலமல்ல, போல்ட்டின் பருமன். வாய் 13.3 மில்லிமீற்றர். 13 ஸ்பனர் நுழையாது, 14 மூலையைத் தின்னும்.

எல்லாம் பூட்டி முதல் உதையிலேயே ஸ்டார்ட் ஆனது. நிலாவெளி வீதியில் பத்து நிமிடம் ஓடி நின்றது. அரை மணி ஆறவிட்டால் மறுபடி ஓடும், சூடானதும் மறுபடி நிற்கும். மக்னீற்றோவைச் சந்தேகித்தேன். பற்றரி இல்லாமல் பொறி தருவது அதுதான். காந்தத்துக்குள் ஒரு சுருள் சுழலும், அதில் மின்னோட்டம் உச்சத்துக்கு வரும் கணத்தில் பொயின்ற் என்ற தொடுமுனை 0.3 மில்லிமீற்றர் திறந்து ஓட்டத்தை வெட்டும். காந்தப்புலம் சட்டென்று விழ, இரண்டாவது சுருளில் ஆயிரக்கணக்கான வோல்ட் எழும். வெட்டு எவ்வளவு கூர்மையோ அவ்வளவு பலமான பொறி. அந்தக் கூர்மையைத் தருவது ஒரு சின்னக் கொண்டென்சர். திறக்கும் நொடியில் மின்சாரத்தைத் தான் வாங்கிக்கொண்டு, பொயின்றில் நெருப்புப் பாயாமல் தடுக்கும். அதன் காப்புப் பழசாகிச் சூட்டில் கசிந்தால் வெட்டு மழுங்கும். பொயின்ற் முகம் கருகியிருந்ததைப் பார்த்ததும் உறுதியாகிவிட்டது.

புதுக் கொண்டென்சர் போட்டபின் இறக்கக்கண்டிப் பாலம்வரை போய், இயந்திரத்தை நிறுத்தி, சூட்டோடேயே உதைத்துப் பார்த்தேன். ஒரே உதையில் எடுத்தது. பெரியப்பாவுக்குத் தொலைபேசியைச் சத்தத்தின் பக்கம் பிடித்துக் காட்டினேன்.