இரண்டாவது முடிச்சு வரைக்கும்

"தங்கச்சி கல்யாணம் சார். முகூர்த்தம் முழுக்க என் கேமராலதான் எடுத்தேன். அட்சதை போடற நெரிசல்ல ஒருத்தர் இடிச்சு, கேமரா கீழ விழுந்து பேட்டரி தனியா தெறிச்சுடுச்சு. கார்டுல 3.5 ஜிபிக்கு ஃபைல் இருக்கு, ஆனா எதுல போட்டாலும் ஓடமாட்டேங்குது. ஒரு சாஃப்ட்வேர் ரெண்டு படத்தை மட்டும் காட்டிட்டு, மீதிக்குக் காசு கேக்குது. கட்டலாமா?"

வாசகர் ஒருவர் அனுப்பிய கேள்வி இது. இப்போதைக்குக் கட்ட வேண்டாம். அந்தக் கார்டில் இனி எதையும் பதியவும் வேண்டாம். கோப்பை அப்படியே கணினிக்கு நகலெடுத்து, நகலில் மட்டும் கை வையுங்கள். மேடையில் கண் பட்டுவிட்டது என்று சித்தி சொல்கிறாராம். கார்டை அரிசி டப்பாவுக்குள் போட்டு வைக்கச் சொன்னவரும் இருக்கிறார். தண்ணீரில் விழுந்த போனுக்கே அரிசி பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. இவருடைய கேமரா விழுந்ததோ ஜமுக்காளத்தில்.

அவர் அனுப்பிய கோப்பை, வீடியோவைப் படிக்கவும் மாற்றவும் உதவும் எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச மென்பொருளிடம் கொடுத்தேன். ஒரே வரியில் பதில் வந்தது: 'மூவ் ஆட்டம் நாட் ஃபவுண்ட்.' ஆட்டம் முடிந்தது என்று படித்துவிடாதீர்கள், இது அணுவைக் குறிக்கும் ஆட்டம். கேமரா வீடியோவைச் சேமிக்கும் எம்பி4 கோப்பு என்பது பெட்டிகளின் வரிசை. ஒவ்வொரு பெட்டியின் தலையிலும் அதன் நீளமும் நாலெழுத்துப் பெயரும் இருக்கும். 1991-இல் ஆப்பிள் குயிக்டைம் என்ற வீடியோ வடிவத்தைக் கொண்டுவந்தபோது இந்தப் பெட்டிகளுக்கு அணு என்று பெயர். எம்பி4 அந்த வம்சம்தான், பழைய பெயரும் கூடவே ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது.

பெட்டிகளில் இரண்டுதான் நமக்கு முக்கியம். 'எம்டாட்' என்பதில் படமும் ஒலியும் கொட்டிக் கிடக்கும். 'மூவ்' என்பதில் கணக்கு இருக்கும். கல்யாண வீட்டு மொழியில் சொன்னால், எம்டாட் மொய்க் கவர்கள் அடைத்த மஞ்சள் பை, மூவ் மொய் நோட்டு. எத்தனையாவது ஃபிரேம் எந்த இடத்தில் தொடங்குகிறது, எத்தனை பைட் நீளம், எந்த நொடியில் காட்ட வேண்டும் என்பதெல்லாம் நோட்டில்தான் உண்டு. பைக்குள் கவருக்கும் கவருக்கும் நடுவே கோடுகூடக் கிடையாது.

எத்தனை ஃபிரேம் வரும், ஒவ்வொன்றும் எவ்வளவு நீளும் என்பது ரெக்கார்டிங்கை நிறுத்தும்வரை கேமராவுக்குத் தெரியாது. அதனால் கணக்கை நினைவகத்தில் வைத்துக்கொண்டு, நீங்கள் நிறுத்து பட்டனை அழுத்திய பிறகு கோப்பின் கடைசியில் எழுதும். அதற்குள் பேட்டரி தெறித்தால் நோட்டு இல்லை. இவருடைய வீடியோ சுமார் 28 நிமிடம். நொடிக்கு 25 ஃபிரேம் என்றால் 42,000 ஃபிரேம். ஒவ்வொன்றின் நீளத்தையும் குறிக்க 4 பைட். ஒலிக்கும் இதே மாதிரி ஒரு பட்டியல். இரண்டையும் கூட்டினால் அரை எம்பிகூடத் தேறாது. அந்த அரை எம்பி இல்லாததால்தான் மூன்றரை ஜிபி ஊமையாகிக் கிடக்கிறது.

நோட்டைத் திரும்ப எழுத முடியுமா? முடியும். அது எப்படி என்பதற்காகத்தான் இந்தக் கட்டுரையே.

எம்பி4-க்குள் எச்.264 என்ற முறையில் சுருக்கி வைத்த படத்தில், ஒவ்வொரு துண்டுக்கும் முன்னால் அதன் நீளம் 4 பைட்டில் எழுதியிருக்கும். ஒரு மைல்கல்லைக் கற்பனை செய்யுங்கள். ஊர்ப்பெயர் கிடையாது, 'அடுத்த கல் இத்தனை அடியில்' என்பது மட்டும் செதுக்கியிருக்கிறது. அந்தத் தூரம் நடந்தால் இன்னொரு கல், அதிலும் அப்படியே. இவருடைய கோப்பில் நான் பார்த்த ஒரு கல் இது: 0, 1, 26, 44. அதாவது 65,536 + 26×256 + 44 = 72,236 பைட். அதைத் தாண்டிக் குதித்தால் மறுபடி ஒரு 0-வில் தொடங்கும் எண். மறுபடி குதி.

தப்பான இடத்தில் நின்றுகொண்டு குதிக்கிறோமா என்று எப்படித் தெரியும்? நன்றாகச் சுருக்கிய படம் கிட்டத்தட்ட தாயம் உருட்டிய எண்கள் போலத்தான் இருக்கும். ஒழுங்கு ஏதாவது மிச்சமிருந்தால் அதையும் சுருக்கிப் பிழிந்திருப்பார்களே. அந்த எண்களுக்கு நடுவே கண்ணை மூடிக்கொண்டு விழுந்தால், முதல் பைட் 0 ஆக இருக்க 256-இல் ஒரு வாய்ப்பு. உண்மையான ஃபிரேம் எதுவும் 1.6 கோடி பைட்டைத் தொடாது, அதனால் உண்மையான கல்லில் முதல் பைட் எப்போதும் 0. தொடர்ந்து ஐந்து குதியும் தற்செயலாகவே 0-வில் போய் விழ, சுமார் ஒரு லட்சம் கோடியில் ஒரு வாய்ப்பு. ஐந்து கல் சரியாக அமைந்துவிட்டால் தைரியமாக நடக்கலாம். கல்லுக்குச் சாட்சி அடுத்த கல்தான், வேறு அத்தாட்சி தேவையே இல்லை. எத்தனை முறை யோசித்தாலும் எனக்கு இது அலுக்கவில்லை.

நீளத்துக்கு அடுத்த பைட் இன்னொரு சாட்சி. அதன் முதல் பிட் 0 ஆகத்தான் இருக்க வேண்டும், கடைசி ஐந்து பிட் துண்டின் வகையைச் சொல்லும். 65 என்று வந்தால் முந்தைய படத்திலிருந்து என்ன மாறியது என்பதை மட்டும் சொல்லும் துண்டு. 101 வந்தால் எதையும் சாராத முழுப் படம், அங்கிருந்து புதிதாகத் தொடங்கலாம். கல்யாணக் கோப்பில் 101 வருவது பொருத்தம்தானே! நடுவில் ஏதாவது கெட்டிருந்தாலும், பச்சையும் சாம்பலுமாக முகங்கள் இழுபட்டுக்கொண்டே போய், அடுத்த 101-இல் சட்டென்று தெளிவது இதனால்தான்.

ஒலியில்தான் வம்பு. கேமரா கொஞ்சம் படம், கொஞ்சம் ஒலி என்று மாற்றி மாற்றிக் கொட்டியிருக்கும். ஏஏசி என்ற முறையில் சுருக்கி எம்பி4-க்குள் வைத்த ஒலிக்கு மைல்கல்லே கிடையாது, நீளமெல்லாம் நோட்டில் மட்டும்தான். அது எங்கே முடிகிறது என்று தெரிய ஒரே வழி, படித்துப் பார்ப்பது. சுருக்கியதை விரிக்கும் நிரலான டிகோடரிடம் கொடுத்து 'எத்தனை பைட் சாப்பிட்டாய்?' என்று கேட்க வேண்டும். அதுவும் பிட் பிட்டாக மென்று, 111 என்ற முடிவுக்குறி வந்ததும் நிறுத்திக் கணக்குச் சொல்லும். நொடிக்கு 47 கவளம். குதிக்க முடியாது, மெல்லத்தான் வேண்டும்.

இன்னொரு தடையும் உண்டு. படம் எத்தனை அகலம், எந்த முறையில் சுருக்கியது என்ற சில பத்து பைட் குறிப்பும் மூவுக்குள்தான் இருந்தது. அது இல்லாமல் ஒரு ஃபிரேமையும் விரிக்க முடியாது. அதனால்தான் மீட்கும் மென்பொருள்கள், அதே கேமராவில் அதே செட்டிங்கில் எடுத்த நல்ல வீடியோ ஒன்றைக் கேட்கின்றன. ஐந்து நொடி சுவரைப் படம் பிடித்தாலும் போதும். குறிப்பை அதிலிருந்து கடன் வாங்கிக்கொள்ளும். நேரக்கணக்கும் அந்த மாதிரியை வைத்துத்தான். கேமராவில் பிரச்சினை இல்லை. போனில் ஃபிரேம் இடைவெளி கூடிக் குறையும் என்பதால், மீட்ட பிறகு நாதஸ்வரம் முன்னாலும் கன்னம் உப்புவது பின்னாலும் வரலாம்.

இதையெல்லாம் செய்யும் 'அன்ட்ரங்க்' என்ற இலவச மென்பொருளை எழுதியவர் ஃபெடெரிகோ போன்கியோ, இத்தாலியின் பீசா நகரில் அரசு ஆய்வகத்தில் கணினி வரைகலை ஆய்வாளர். நிரலைத் திறந்தே வைத்திருக்கிறார். ஆய்வகத்துக்குப் பணம் கொடுத்தால் உடனே என்ன பொருள் வரும் என்று கேட்கும் அதிகாரிகளுக்கு என்னிடம் ஒரு பதில் உண்டு. தன் துறையை ஒட்டிய ஒரு சில்லறைத் தொல்லையைத் தீர்க்க நேரமும் அறிவும் உள்ள ஆட்கள் ஊரில் இருப்பார்கள், அதுவே பெரிய வரவு. காசு கேட்கும் மென்பொருள் எல்லாம் மோசடி இல்லை, சிக்கலான கோப்புகளில் சில நன்றாகவே வேலை செய்யும். முதலில் இலவசத்தை முயலுங்கள். குடும்ப வீடியோவை முன்பின் தெரியாத தளத்தில் ஏற்றும் முன் ஒரு நிமிடம் யோசியுங்கள். கார்டில் 0 பைட் என்று காட்டினால் இது வேறு நோய், ஃபோட்டோரெக் போன்ற மீட்பு மென்பொருளை வைத்துக் கார்டையே துழாவ வேண்டும். கோப்பு முழுக்க வெறும் 0-வாக இருந்தால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

கணக்கை அவ்வப்போது எழுதினால் இந்த வம்பே வராதே என்றால், அப்படி எழுதும் வடிவங்கள் ஏற்கெனவே உண்டு. திரையைப் பதிய எம்கேவி வடிவத்தைத் தேர்ந்தெடுப்பது இதற்காகத்தான். டிவி ஒளிபரப்பில் ஒவ்வொரு 188 பைட்டும் 71 என்ற எண்ணில் தொடங்கும். எங்கே வெட்டினாலும் பிழைத்துக்கொள்ளும்.

வாசகர் மேடையின் வெறுந்தரையை எட்டு நொடி எடுத்து அனுப்பினார். அதை மாதிரியாக வைத்து அன்ட்ரங்கை ஓட்டினேன். விநாயகர் பூஜையிலிருந்து படம் வந்தது, ஒலியும் வந்தது. கடைசிக் கல் இன்னும் 80 ஆயிரம் பைட் நடக்கச் சொல்கிறது, 30 ஆயிரத்திலேயே கோப்பு முடிந்துவிடுகிறது. அந்த அரை ஃபிரேமை விட்டுவிட வேண்டியதுதான். அதற்குப் பின் சில நொடிகள் கேமராவின் நினைவகத்தில் மட்டும் இருந்து, கார்டுக்கு வராமலே போயிருக்கின்றன. கெட்டிமேளம் முழங்குகிறது, மாப்பிள்ளை இரண்டாவது முடிச்சைப் போடுகிறார், மூன்றாவதுக்கு நாத்தனார் கையை நீட்டுகிறார். அவ்வளவுதான் இருக்கிறது.