காலண்டர் தாளில் போட்ட கணக்கு

போன வாரம் அதிகாலை இரண்டரைக்கு ஒரு போன். வளைகுடா விமான நிலையம் ஒன்றிலிருந்து ஓர் அம்மா பேசினார். "தம்பி, அடுத்த ஃப்ளைட் எங்களை விட்டுட்டுப் போயிடுச்சு. இவரோட சுகர் மாத்திரை வேற பெட்டியில மாட்டிக்கிச்சு."

டிக்கெட் நான் போட்டதில்லை. இரண்டு மாதம் முன்பு அந்த அம்மாவின் கணவர் என் டிராவல்ஸ் அலுவலகத்துக்கு வந்து, தினசரிக் காலண்டர் தாளைத் திருப்பி மேசையில் வைத்தார். பின்பக்கம் நீள்வகுத்தல், மீதியோடு சுத்தமாக: சென்னை - சான் பிரான்சிஸ்கோ 13,900 கி.மீ., வகுத்தல் விமான வேகம் மணிக்கு 900, விடை 15.4. "பதினஞ்சரை மணி நேரத்துல போற ஊருக்கு இருபத்திரண்டு மணி நேர டிக்கெட் காட்டுறீங்களே?" என்றார். கடைசியில் மகனே இரண்டு கம்பெனியில் தனித்தனி டிக்கெட் எடுத்துவிட்டார். நடுவில் இருந்த இடைவெளி ஒன்றே முக்கால் மணி நேரம்!

ஐயா, அந்த 13,900 என்பது உலக உருண்டைமேல் நூல் பிடித்து அளந்த தூரம். சென்னையிலிருந்து அங்கே நேரடி விமானமே கிடையாது. துபாய் வழியாகப் போனால் 2,900, அதன்மேல் ஒரு 13,000. கிட்டத்தட்ட 16,000 கி.மீ. ஆகிவிட்டதா? 900 என்பதும் உச்சியில் பறக்கும் வேகம்தான். ஓடுபாதைக்கு உருண்டு போவது, ஏறுவது, இறங்குவது, இடையில் காத்திருப்பது எதுவும் அதில் சேராது.

காற்று வேறு இருக்கிறது. லண்டன் - நியூயார்க் 5,500 கி.மீ.; போக எட்டு மணி நேரம், திரும்ப ஏழுதான். 2020 பிப்ரவரியில் புயல்காற்று பின்னாலிருந்து தள்ளி, ஒரு விமானம் நியூயார்க்கிலிருந்து 4 மணி 56 நிமிடத்தில் லண்டனில் இறங்கியது. வான்வெளியை மூடினால் அதற்கும் ஒரு சுற்று. ரஷ்யா மேலே பறக்க முடியாமல் போன 2022க்குப் பிறகு, ஒன்பதரை மணி நேர ஹெல்சிங்கி - டோக்கியோ பயணம் பதின்மூன்றை ஒட்டிவிட்டது. ஊர் நகரவில்லை, தூரமும் மாறவில்லை.

வகுப்பவர்கள் ஒரு ரகம் என்றால், கழிப்பவர்கள் இன்னொரு ரகம். அதிகாலை 4க்குக் கிளம்பி அதே நாள் மதியம் 1க்கு சான் பிரான்சிஸ்கோ என்றிருந்தால் ஒன்பது மணி நேரம் என்று நினைத்துவிடாதீர்கள். டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். கோடையில் பன்னிரண்டரை மணி நேரம் கூட்டுங்கள், குளிர்காலத்தில் பதின்மூன்றரை. மொத்தப் பயண நேரம் டிக்கெட்டிலேயே போட்டிருக்கும், அதைப் பாருங்கள் சாமி!

வயதானவர்களை அனுப்பினால் முழுப் பயணமும் ஒரே டிக்கெட்டாக இருக்கட்டும். தனித்தனியாக எடுத்தால், முதல் விமானம் தாமதமானதற்கு இரண்டாவது கம்பெனி பொறுப்பேற்காது. நீங்கள் வரவில்லை என்று எழுதி, திரும்பும் டிக்கெட்டையும் சேர்த்து ரத்து செய்துவிடும். இவர்களுக்கு நடந்தது அதுதான். பெட்டியை எடுத்து மறுபடி போட வெளியே வரவேண்டியிருந்தால் அந்த நாட்டு விசாவும் கேட்பார்கள். சக்கர நாற்காலி கேட்டிருந்தால் மூன்று மணி நேர இடைவெளிக்குக் குறைந்து எடுக்காதீர்கள். நாற்காலி வரும்வரை கடைசி ஆளாக விமானத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும்.

மாத்திரை, இன்சுலின், மருந்துச் சீட்டு மூன்றும் கைப்பையில். எந்த வேளை மருந்தை எப்போது போடுவது என்பதைக் கிளம்பும் முன் டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். கேட்கும்போது டிக்கெட்டை அவர் கையில் கொடுங்கள். தயவுசெய்து கிலோமீட்டரைச் சொல்லாதீர்கள்.